உழவரை ஆசானாகக் கொண்ட ஸர் ஆல்பர்டு ஹோவர்டு

பொருநையோடு சிற்றாறும், கயத்தாற்றுப் புறத்தினின்று வரும் ஓடையும் கலக்குமிடம் சீவலப்பேரி. மூன்று நீர்கள் கூடுதலின் முன்னோர் அதனை முக்கூடல் என்றனர். ஆற்றின் மேற்புறத்தே வடகரையில் முக்கூடல் என்னும் பெயருடைய பேரூர் ஒன்றும் உண்டாதலின், இரண்டினையும் ஒன்றென மயங்குவார் பலர். முக்கூடற் பள்ளு என்னும் சுவை மிக்க நூலுக்கு நிலைக்களம் சீவலப்பேரியே. அந்நூலிலே நெல்வகைகளும், மாட்டுவகைகளும், ஏரின் உறுப்புகளும் பெயர் பெயராக எடுத்தோதப்படுகின்றன. ஆட்டுக்கிடை வைத்து வயலுக்கு எருவூட்டும் செய்தியும் அதன்கண் வருகின்றது. வகுப்பறையில் அதனைப் பாடமாகப் பயிலும் நாம் சந்தத்தின் இனிமையிலும், மூத்தாள் இளையாள் பூசலின் நகைச்சுவையிலும் திளைத்து, எருவைப் பற்றிய பகுதியை விரைந்து கடந்து விடுகின்றோம். ஆயினும், பயிர் செழிக்க வேண்டின் முதலில் மண்ணுக்கு உணவூட்ட வேண்டும் என்பது இவ்வாற்றங்கரை உழவர்க்கு எந்தக் கல்லூரியும் கற்பித்த பாடமன்று. அறுவடைக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கும் வயலிற் கொழிஞ்சியைத் தழைக்கவிட்டு மடக்கி உழுதலும், கோடையிற் குளத்து வண்டலை வண்டியிலேற்றி வயலிற் பரப்புதலும், பூவரசந் தழையையும் எருக்கந் தழையையும் சேற்றில் மிதித்தலும் அவர்க்குத் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவாகும்.

இத்தகைய அறிவை ஏட்டுச் சுவடியிலன்றி இந்திய உழவரிடத்தே நேரிற் கற்று, அதனை விஞ்ஞானத்தின் மொழியில் உலகுக்கு எடுத்துரைத்த ஆங்கிலேயர் ஒருவர் உளர். அவரே ஸர் ஆல்பர்டு ஹோவர்டு. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் நம் நாட்டிற் பரந்து பயிராகும் இந்நாளில், அவற்றின் விளைவைப் பெருக்கும் வழி யாதென்பது பற்றி ஆராய்வார்க்கு இவர்தம் வரலாறு பெரிதும் துணைசெய்யும். இவர் சொன்னவற்றுள் கொள்ளத்தக்கனவும் உள; தள்ளத்தக்கனவும் உள. இரண்டினையும் மறையாது எழுதுவதே நம் நோக்கம்.

ஹோவர்டு 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்குப் புறத்தே ஷ்ராப்ஷயர் என்னும் நாட்டுப்புறத்தில், பிஷப்ஸ் காஸில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் உழவர். கலப்பையும் கால்நடையும் சூழ வளர்ந்த அப்பிள்ளை லண்டனில் விஞ்ஞானம் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கை நூலில் முதல் வகுப்பில் தேறினார். 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பார்படோஸில் இருந்த விவசாய இலாகாவில் பூஞ்சண நோய்களை ஆராயும் பதவியில் அமர்ந்தார். கரும்புக்கும் கொக்கோவுக்கும் வரும் நோய்களைப் பூதக்கண்ணாடியில் நோக்கி, உழவர்க்கு மருந்து சொல்வதே அப்பதவியின் கடமை. சொல்லும் மருந்தைத் தாமே சோதித்துப் பார்க்க ஒரு துண்டு நிலமேனும் தம் கையில் இல்லை என்பது அவரை உறுத்திற்று. தாம் பயிரிட்டறியாத பயிருக்கு எவ்வாறு பரிகாரம் கூறுவது? உழவன் மகனாதலின் அவர்க்கு இவ்வையம் எழுந்தது போலும். பிறர் பலர்க்கு அது வாழ்நாள் முழுதும் எழாமலே போயிற்று.

பார்படோஸை விட்டு மீண்டு, 1903 முதல் 1905 வரை இங்கிலாந்தில் வை என்னும் ஊரிலுள்ள விவசாயக் கல்லூரியில் பணி புரிந்தார். அங்கே மதுபானத்திற்குப் பயன்படும் ஹாப் கொடியை ஆராய்ந்தார். பயிரிடுவோர் ஆண் கொடிகளைப் பயனற்றவையெனக் களைந்து வந்தனர். மகரந்தம் பெற்ற கொடிகளே நன்கு வளர்ந்து நோயையும் எதிர்க்கின்றன என்று ஹோவர்டு காட்டினார். இயற்கையின் ஒழுங்கினைக் குலைத்துவிட்டுப் பின்னர் நோய்க்கு மருந்து தேடுவது வீண் என்னும் எண்ணம் அங்கே அவர் உள்ளத்தில் வேர் விட்டது.

1905-ஆம் ஆண்டே அவர் வாழ்வில் பெருந்திருப்பம். அவ்வாண்டில் கர்ஸன் பிரபு பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் நல்கிய 30,000 பவுன் நன்கொடை அதற்கு மூலதனமாயிற்று. பூசா என்னும் பெயரே அவ்வமெரிக்கரை ஒட்டி வந்ததென்று கதை கட்டுவாருளர். அவ்வூர்ப்பெயர் அதற்கு நெடுங்காலம் முற்பட்டது. அந்நிலையத்தின் தாவர நூற்புலவராக ஹோவர்டு இந்தியாவுக்கு வந்தார். அவ்வாண்டிலேயே பம்பாயில் கேப்ரியல் மத்தேயி என்னும் அம்மையாரை மணந்தார்.

இவ்வம்மையாரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். அவர் கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் பயின்று, இலைகள் கதிரொளியால் உணவு சமைக்கும் தொழிலில் வெப்பநிலையின் பங்கு யாதென ஆராய்ந்து பெயர் பெற்றவர். கணவர் பயிர்களைப் புறத்தே நோக்கினாரெனின், மனைவியார் அவற்றின் உள்ளியக்கத்தை நன்கறிந்தவர். பல ஆண்டுகள் அவர் செய்த ஊழியத்திற்குத் தக்க பதவியில்லை. 1913-இற்றான் இரண்டாந் தாவர நூற்புலவர் என்னும் பதவியைச் சர்க்கார் அவர்க்கு அளித்தது. அவ்விருவரும் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் இருவர் பெயராலேயே வெளிவந்தன. ஆயினும் பிற்காலத்தார் ஒருவரையே நினைவிற் கொண்டனர்.

பூசாவில் ஹோவர்டு தமக்கெனச் சிறிது நிலம் கேட்டுப் பெற்றார். அதனைத் தம் மனம் போலப் பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கினார். அவ்வேளையில் அவர் செய்த ஒரு காரியம் அக்காலத்து உத்தியோகஸ்தரிடைக் காண்பதற்கு அரியது. சுற்றுப்புறத்து உழவர் எவ்வாறு பயிரிடுகின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கி, அவர்களையே தம் ஆசிரியராகக் கொண்டார். பூச்சிகளையும் பூஞ்சணங்களையுங்கூட அவர் ஆசிரியர் என்றே மதித்தார். எவ்விடத்துப் பயிர் பிழையாக வளர்க்கப்பட்டதோ அவ்விடத்தை அவை சுட்டிக் காட்டுகின்றன என்பது அவர் கொள்கை.

பீகார் உழவர் மழைக்காலத்தில் மக்காச்சோளத்தையும் துவரையையும் ஒரே வயலில் கலந்து விதைத்தனர். மக்காச்சோளம் விரைந்து வளர்ந்து கதிர் தந்து வெளியேறும். துவரை மெல்ல வளர்ந்து, தன் ஆணிவேரை ஆழச் செலுத்தி, பின்னர் வரும் வறண்ட மாதங்களிற் காய்க்கும். இரண்டின் வேர்களும் மண்ணின் வெவ்வேறு படைகளில் உணவு தேடுகின்றன. துவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. மேனாட்டார் இவ்விரண்டறக் கலந்த வயலைக் கண்டு அலங்கோலம் என்றெண்ணுவர். ஹோவர்டு அதனைக் கண்டு, பயிர்கள் தம்முள் இசைந்து வாழும் முறைமை என்று தெளிந்தார். நம் கரிசற் காட்டிலும் பருத்தியினிடையே உளுந்தையும் பாசிப்பயற்றையும் ஊடுபயிராக விதைக்கும் வழக்கம் உண்டன்றோ? அதுவும் இவ்வகையைச் சார்ந்ததே.

வேரைத் தோண்டிப் பார்ப்பதில் ஹோவர்டு தம்பதிகட்கு இருந்த ஆர்வம் அளவற்றது. நீலச்சாயம் தரும் சாவா அவுரிப் பயிர் பீகாரில் மழைக்காலத்தில் வாடி மடிந்து வந்தது. பலர் இது கிருமியின் வேலை எனத் தேடினர். இவர்களோ மண்ணை அகழ்ந்து வேர்களை நீரிற் கழுவி ஆராய்ந்து, மழைநீர் தேங்குதலால் மண்ணிற் காற்றுப் புகாமல் நுண்வேர்கள் அழுகின என்று கண்டனர். மண்ணும் மூச்சு விடுகின்றது. அம்மூச்சு அடைபட்டால் எவ்வளவு எரு இட்டாலும் வேர் அதனை உண்ணமாட்டாது என்பது இதனால் விளங்கிற்று. மக்காச்சோளம் பயிரிடுவோர் இதனை மறத்தலாகாது. அப்பயிர் இளமையில் ஓரிரு நாள் நீர் தேங்கினும் மஞ்சளித்துக் குன்றும். அந்நிலையில் உரத்தை அள்ளி இடுவது வயிற்று நோயாளிக்கு விருந்து வைப்பது போலாம். வாய்க்காலைத் திறந்து நீரை வடிப்பதே முதற் பரிகாரம்.

கோதுமையில் இவர்கள் செய்த வேலை பெரும்புகழ் தந்தது. பூசா 4, பூசா 12 முதலிய உயர்ந்த கோதுமை வகைகள் வட இந்தியாவிற் பல்லாயிரம் வயல்களிற் பரவின. அவ்வேளையில் ஹோவர்டு ஒன்றைக் கண்டுகொண்டார். நல்ல விதையினால் மட்டும் கிடைக்கும் இலாபம் சிறிது. அவ்விதையோடு மண்ணின் வளமும் உழவின் திருத்தமும் சேர்ந்தாலன்றி விளைவு இருமடங்காகாது. விதையை மாற்றுவது எளிது. மண்ணை மாற்றுவது அரிது. அரியதனை எவர் செய்வார்?

செய்ய வேண்டுமென்று அவர் விரும்பினார். பூசாவின் அமைப்பு இடந்தரவில்லை. அங்கே தாவர நூலுக்கு ஓர் அறை, ரசாயனத்திற்கு ஓர் அறை, பூச்சிக்கு ஓர் அறை, பூஞ்சணத்திற்கு ஓர் அறை என இலாகாக்கள் பிரிந்து கிடந்தன. வயலிற் பயிர் ஒன்றே. அதனை ஐந்து கூறாக்கி ஐவர் ஆராய்ந்தனர். மண்ணைப் பற்றி ஹோவர்டு ஆராயத் தொடங்கினால், அது ரசாயனப் புலவரின் எல்லைக்குட் புகுவதாயிற்று. இவ்வேலிகளைத் தாண்டுவதற்கு அவர் பல்லாண்டு போராடினார். நம் கல்லூரிகளிலும் ஒரு பாடத்தார் பிறிதொரு பாடத்தாருடன் பேசுவது அரிதாயிருத்தலை நோக்கின், இக்குறை பூசாவுக்கே உரியதன்று எனத் தோன்றுகின்றது.

முடிவில், 1924-இல் மத்திய இந்தியாவில் இந்தூரில் தாவரத் தொழில் நிலையம் என்னும் புதிய ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. இந்திய மத்திய பருத்திக் கமிட்டியும் சுற்றியிருந்த சுதேச சமஸ்தானங்களும் பொருளுதவின. ஹோல்கார் சமஸ்தானம் ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் தந்தது. அதன் தலைவராக ஹோவர்டு அமர்ந்தார். அந்நிலம் மாளவத்தின் கருமண். நம் கோவிற்பட்டிக் கரிசலுக்கு உடன்பிறப்பு என்னலாம்: வெயிலில் ஆள் கால் நுழையும் அளவு வெடிக்கும், மழையில் வீங்கிப் பிசினாகும். கோவிற்பட்டியிலும் 1901 முதல் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை இருந்து வருவதை நம்மவர் அறிவர்.

இந்தூரில் ஹோவர்டு முதலிற் கவனித்தவர் கூலியாட்கள். வேலை நேரத்தைக் குறைத்தார். குறித்த நாளிற் கூலி கிடைக்கச் செய்தார். குடியிருக்க நல்ல இடம் அமைத்தார். வயிறு நிறைந்த ஆளே வயலை நிறைப்பான் என்பதை அறிந்தவர் அவர். இதனை ஆராய்ச்சி அறிக்கைகளிற் காண்பது அருமை. ஆதலின் ஈண்டுக் குறித்தோம்.

இனி, அவர் பெயரை உலகெங்கும் பரப்பிய இந்தூர் முறையைக் கூறுவோம். நம் நாட்டு உழவனுக்கு எருவில்லாத குறைக்குக் காரணம் என்ன? மாடு உண்டு, சாணம் உண்டு. ஆனால் விறகின்மையால் சாணத்தின் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பிற் புகுகின்றது. மாட்டின் சிறுநீரோ தொழுவத் தரையில் ஊறி வீணாகின்றது. ஒருபுறம் பருத்திமார், சோளத்தட்டை, களை, சருகு முதலியவை எரிக்கப்படுகின்றன. இருக்கும் சிறிதளவு சாணத்தைக் கொண்டே பெருமளவு குப்பையை எருவாக்க இயலுமாயின் உழவன் பிழைப்பான் அல்லனோ? சீனத்து உழவர் இதனை நெடுங்காலமாகச் செய்து வந்தனர். கிங் என்னும் அமெரிக்க அறிஞர் கீழ்நாடுகளிற் சென்று கண்டு எழுதிய நூல் 1911-இல் வெளிவந்தது. அதனைப் படித்த ஹோவர்டு, யஷ்வந்த் வாட் என்னும் இந்திய ரசாயனப் புலவரைத் துணைக்கொண்டு, அக்கைவழக்கத்தை அளந்து ஆய்ந்து ஒரு முறைமையாக்கினார்.

முறை இது: ஆழமில்லாத அகன்ற குழி ஒன்று எடுத்தல் வேண்டும். மழைக்காலமாயின் தரைமேல் குவியலாகவே இடலாம். பருத்திமார் போன்ற கட்டைத் தட்டைகளை வண்டிப் பாதையில் இட்டுச் சக்கரத்தின் கீழ் நொறுங்கச் செய்து, பின்னர் மாட்டுக்குப் படுக்கையாகத் தொழுவத்தில் பரப்ப வேண்டும். சிறுநீர் ஊறிய அத்தட்டையையும், தொழுவத்து மண்ணையும், அடுப்புச் சாம்பலையும், கரைத்த சாணத்தையும் படுக்கை படுக்கையாக அடுக்கி நீர் தெளிக்க வேண்டும். காலால் மிதித்து இறுக்குதல் கூடாது, காற்றுப் புக வேண்டும். சில நாட்களில் குவியல் கை பொறுக்காத அளவு சூடேறும். அச்சூட்டில் களைவிதைகள் பல மடியும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஒருமுறையும், மீண்டும் இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும், இரண்டாம் மாத இறுதியில் ஒருமுறையும் புரட்டிக் கொடுத்தால், மூன்று மாதத்தில் மணமற்ற, கரிய, உதிரியான கூட்டெரு கிடைக்கும்.

இதன் உள்ளியல்பு அறியத்தக்கது. வைக்கோலிலும் தட்டையிலும் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அவற்றைப் பச்சையாக மண்ணிற் புதைத்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்பொழுது பயிர் பட்டினி கிடக்கும். சாணமும் சிறுநீரும் தழைச்சத்து மிக்கவை. ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 30 பங்கு கரிச்சத்து என்னும் அளவில் இரண்டினையும் கலந்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகித் தம் வேலையை வயலுக்கு வெளியிலேயே முடித்து விடுகின்றன. மக்காச்சோளத் தட்டையை மடக்கி உழுதவுடன் அடுத்த பயிரை விதைத்து, அது மஞ்சளிப்பதைக் கண்டு திகைப்பவர் இக்கணக்கை அறிதல் நலம்.

1930-ஆம் ஆண்டு ஹோவர்டுக்குத் துயரமானது. இருபத்தைந்து ஆண்டுகள் தோளோடு தோள் நின்று உழைத்த கேப்ரியல் அம்மையார் ஜினீவாவிற் காலமானார். அடுத்த ஆண்டு ஹோவர்டு இந்தியாவைவிட்டு ஓய்வு பெற்றுச் சென்றார். அவ்வாண்டிலேயே, வாட் என்பாரோடு இணைந்து எழுதிய, விவசாயக் கழிவுகளைப் பற்றிய நூல் வெளியாயிற்று. கேப்ரியலின் தங்கையாராகிய லூயிஸ் அம்மையாரை அவர் மணந்ததும் அவ்வாண்டே. இவ்வம்மையார் ஜினீவாவில் சர்வதேசத் தொழில் அலுவலகத்தில் பணி புரிந்தவர்.

1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரை உலுக்கிய பெரும் பூகம்பத்தில் பூசா மாளிகை சிதைந்தது. ஆராய்ச்சி நிலையம் 1936-இல் டெல்லிக்கு மாறிற்று. மாளிகை வீழ்ந்த அவ்வாண்டில் ஹோவர்டுக்கு ஸர் பட்டம் கிடைத்தது. இந்தூர் முறை இலங்கை, தென்னிந்தியா, கென்யா முதலிய இடங்களின் தேயிலை, காப்பித் தோட்டங்களிற் புகுந்தது. காந்தியடிகள் 1935-இல் தம் ஹரிஜன் பத்திரிகையில் இம்முறையைக் கிராமத்தாருக்கு எடுத்துக் காட்டினார்.

ஓய்வு பெற்ற பின் ஹோவர்டின் குரல் உரத்தது. 1940-இல் அவர் எழுதிய விவசாய மரணசாஸனம் என்னும் பெயருடைய நூல் பெரும் புயலை எழுப்பிற்று. ரசாயன உரங்கள் மண்ணின் உயிரைக் கெடுக்கின்றன, வளமான மண்ணில் வளர்ந்த பயிரை நோய் அணுகாது, அப்பயிரை உண்ட மாட்டையும் மனிதனையும் நோய் அணுகாது என்று அவர் வாதித்தார். பூசாவில் தம்முடைய உழவு மாடுகள் வேலிக்கு அப்பாலிருந்த கோமாரி கண்ட மாடுகளோடு மூக்குரசியும் நோய் கொள்ளவில்லை என்பதை அவர் சான்றாகக் காட்டினார். குன்னூரில் இருந்து உணவாராய்ச்சி செய்த மக்காரிஸன் என்பாரின் முடிவுகளும் அவர்க்குத் துணையாயின. அமெரிக்காவில் ரோடேல், இங்கிலாந்தில் ஈவ் பால்பர் அம்மையார் முதலியோர் அவரைப் பின்பற்றி இயற்கை வேளாண்மை இயக்கத்தை வளர்த்தனர்.

இங்கே நாம் சற்று நின்று நிறுத்துப் பார்த்தல் வேண்டும். சில சோடி மாடுகள் நோயுறாமை ஒரு செய்தியேயன்றி நிரூபணமாகாது. வளமான மண்ணில் நோயே வராது என்பதும் மிகை. 2018-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டிற் புகுந்தபொழுது, கோவிற்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் எருவிட்ட புஞ்சை, எருவிடாத புஞ்சை என்று அது வேற்றுமை பாராட்டவில்லை. அந்நியப் பூச்சிக்கு வேறு காவல் வேண்டும்.

எருவா உரமா என்னும் வழக்கையும் கணக்கைக் கொண்டே தீர்த்தல் நன்று. மக்காச்சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். ஒரு டன் மணி விளைவதற்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ தழைச்சத்து வேண்டும். ஏக்கருக்கு 2 டன் விளைய வேண்டின் 40 முதல் 50 கிலோ ஆகின்றது. தொழுவெருவில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப்பங்கு அளவே. ஒரு டன் எருவில் 5 கிலோ. அதனிலும் முதலாண்டிற் பயிருக்குக் கிட்டுவது ஒரு பகுதியே. எனவே எருவொன்றையே நம்பினால் ஏக்கருக்குப் பத்து டன்னும் போதாது. அவ்வளவு சாணத்திற்கு இரண்டு மாடுகள் உடைய உழவன் எங்கே போவான்? யூரியா மூட்டை ஒன்றிலோ 20 கிலோவுக்குமேல் தழைச்சத்து அடங்கியுள்ளது. உழவன் மூட்டையை நாடியது மதிகேட்டால் அன்று.

ஆனால் மூட்டை மட்டும் போதுமா? இதற்கு விடை கோயம்புத்தூரில் கிடைக்கின்றது. அங்குள்ள விவசாயக் கல்லூரிப் பண்ணையில் 1909-ஆம் ஆண்டு நிரந்தர எருச் சோதனை ஒன்று தொடங்கப்பெற்றது. ஒரு பாத்திக்கு யாதொன்றும் இடாமலும், ஒன்றிற்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றிற்கு மூன்று சத்துகளும், ஒன்றிற்குத் தொழுவெரு மட்டும் என்று இட்டும், நூறாண்டுகளைக் கடந்து அச்சோதனை நடந்து வருகின்றது. 1972-இல் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறி விதைக்கும் மற்றொரு நெடுநாட் சோதனையும் அங்கே தொடங்கிற்று. தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளையும் தக்க அளவில் இட்டு, அவற்றோடு தொழுவெருவையும் சேர்த்த பாத்தியே மேலான விளைவு தருகின்றது. தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் இட்ட பாத்தி பின்தங்குகின்றது. ஹோவர்டு எருவின் பக்கம் நின்றது சரி. உரத்தை முற்றும் விலக்கியது பிழை என்பதற்கு அப்பாத்திகளே சாட்சி.

எரு செய்யும் வேலை தழைச்சத்தின் எடையில் அடங்குவதன்று. அது கரிசலைப் பொலபொலப்பாக்கிக் காற்றுக்கு வழி விடுகின்றது. ஐப்பசி மழையின் ஈரத்தைத் தைவரை தாங்கி நிற்கச் செய்கின்றது. துத்தநாகம் முதலிய நுண்சத்துகளைப் பயிருக்கு எட்டச் செய்கின்றது. மக்காச்சோளத்தின் இளங்குருத்து வெளுத்து, இலையில் வெள்ளைக் கோடு விழுமாயின் அது பெரும்பாலும் துத்தநாகக் குறையே. அதனை அறியாமல் மேலும் யூரியாவை இறைப்பவர் பணத்தையே இறைக்கின்றனர். இறவையில் பயிரிடுவோர் ஏக்கருக்கு 5 டன் தொழுவெருவை அடியில் இட்டு, தழைச்சத்தின் காற்பங்கை விதைக்கும்போதும், அரைப்பங்கை 25-ஆம் நாளிலும், எஞ்சிய காற்பங்கை 45-ஆம் நாளிலும் பகிர்ந்து இடுமாறு கோயம்புத்தூர்ப் புலவர் கூறுவர். குழந்தைக்கு ஒரே வேளையில் நாள் முழுதுக்கும் சோறூட்டுவாரில்லை, பயிருக்கும் அவ்வாறே.

சோயா மொச்சையின் கதை வேறு. அது தனக்கு வேண்டிய தழைச்சத்தின் பெரும்பகுதியைத் தன் வேர் முடிச்சுகளின் உதவியால் காற்றினின்றே பெறுகின்றது. ஆயினும் அம்முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணுயிர் அதற்கே உரிய இனம். முன்பு சோயா விளையாத நிலத்தில் அது போதிய அளவில் இராது. ஆதலின் ஆறிய அரிசிக் கஞ்சியில் அந்நுண்ணுயிர்க் கலவையைக் கரைத்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். மணிச்சத்தும் கந்தகமும் நிலத்திற் குறைந்தால் முடிச்சும் குன்றும். சோயா விதைத்த நிலம் தானே வளமாகிவிடும் என்று சொல்வாருளர். அதன் மணியிலே தழைச்சத்து மிகுதியாகக் களத்துக்குப் போய்விடுகின்றமையால், நிலத்தில் எஞ்சுவது அவர் நினைக்குமளவு இல்லை.

மாளவத்தின் கருமண்ணை மழைக்காலத்தில் உழவர் வெற்றுத் தரிசாக விட்டு வைப்பது முன்னாள் வழக்கம். 1970-க்குப் பின்னர் அத்தரிசில் சோயா மொச்சை பரவிற்று. இன்று இந்திய நாட்டின் சோயாவுக்கு நடுநாயகமாய் விளங்குவது ஹோவர்டு வாழ்ந்த அந்த இந்தூரே. 1987-இல் அப்பயிருக்கெனத் தேசிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அங்கே தோன்றிற்று. மழைநீரை வடித்து வேருக்குக் காற்று ஊட்டுவதைப் பற்றி அவர் பருத்தி வயலிற் கண்ட செய்திகள், அவர் கனவிலும் நினையாத ஒரு பயிருக்கு அதே மண்ணில் வேண்டியனவாயின.

இந்தியா விடுதலை பெற்ற இரண்டு மாதங்களின் பின், 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள், ஸர் ஆல்பர்டு ஹோவர்டு லண்டனையடுத்த பிளாக்ஹீத்தில் உயிர் நீத்தார். அகவை எழுபத்து மூன்று. லூயிஸ் அம்மையார் கணவரின் கடிதங்களையும் அறிக்கைகளையும் தொகுத்து, அவர்தம் இந்திய வாழ்வைப் பற்றி 1953-இல் நூல் ஒன்று எழுதினார். அதிலே தம் தமக்கையாரின் பங்கினையும் மறவாது எடுத்துக் காட்டியுள்ளார். யஷ்வந்த் வாட் பெயரோ 1931-ஆம் ஆண்டு நூலின் முகப்பிலே ஹோவர்டின் பெயருக்கு அடுத்து அச்சிடப்பட்டுள்ளது. இந்தூர் முறை என்று வழங்குவோருள் அவரை அறிந்தவர் சிலரே.